சிங்கப்பூரில் ஆறு இரவுகள்: முகவரோடு மூன்று, நாங்களாக மூன்று

எங்கள் திருமணத்தின் 30-ஆம் ஆண்டை ஒட்டி, கடந்த ஜூலை மாதத்தில் நானும் என் கணவரும் சிங்கப்பூருக்குச் சென்று ஆறு இரவுகள் தங்கிவிட்டு வந்தோம். முதல் மூன்று இரவுகள் மதுரையில் உள்ள ஒரு சுற்றுலா முகவரின் குழுப் பயணத்தில் கழிந்தன. அடுத்த மூன்று இரவுகளுக்கு நாங்களே அறை எடுத்து, நாங்களே வழி கேட்டுச் சுற்றினோம். ஒரே ஊரை ஒரே வாரத்தில் இரண்டு விதமாகப் பார்க்கக் கிடைத்த அந்த அனுபவம் எங்கள் வயதுத் தம்பதிகளுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 55, கணவருக்கு 60. அவருக்கு முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. வெளிநாட்டுப் பயணம் எங்களுக்கு இதுவே முதல் முறை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விசாவையும் விமானச் சீட்டையும் முகவரிடம் ஒப்படைக்கலாம், ஊரை ஒப்படைக்கக் கூடாது.

முகவர் செய்த நல்லதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சிங்கப்பூருக்கு விசா எடுத்தே ஆக வேண்டும். புகைப்படத்தின் அளவிலிருந்து படிவம் வரை அந்த அலுவலகத்தில் பொறுமையாகப் பார்த்துக்கொடுத்தார்கள். ஒரு முறைகூட எங்களை அலைக்கழிக்கவில்லை. நாங்கள் போனபோது மதுரையிலிருந்து வாரத்தில் சில நாள்கள் நேரடி விமானம் இருந்தது. சென்னைக்கோ திருச்சிக்கோ போய் மாறாமல், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய் இறங்கியது முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய உதவி. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்குள் நுழையும் முன் மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கு அந்நாட்டு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல.

குறை அங்கே இறங்கிய பிறகு தொடங்கியது. "நகரத்தின் நடுவில் அறை" என்று சொல்லப்பட்டிருந்த விடுதியிலிருந்து அருகில் இருந்த ரயில் நிலையத்துக்கு இருபது நிமிடம் நடக்க வேண்டியிருந்தது. ஆகவே மாலையில் பேருந்து எங்களை இறக்கிவிட்டபின், அவ்வளவு பெரிய ஊரில் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தோம். மூன்று நாள்களும் இரவு உணவு மாலை ஐந்தரை மணிக்கே, ஒரே கூடத்தில், ஒரே பன்னீர் மசாலாவும் சீரகச் சோறுமாக இருந்தது. உலகின் நாக்கெல்லாம் வந்து கூடும் ஊருக்குப் போய், மதுரை பைபாஸ் சாலையில் கிடைக்காத எதையும் அந்த மூன்று நாள்களில் நாங்கள் உண்ணவில்லை. மெர்லயன் சிலையின் முன் 25 நிமிடம் கொடுத்தார்கள். சாக்லேட்டும் கைக்கடிகாரமும் விற்கும் ஒரு கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். குழுவில் இருந்த இளைஞர்களுக்கு யுனிவர்சல் ஸ்டுடியோ கேளிக்கைப் பூங்காவில் ஒரு முழு நாள் போதவில்லை. எங்களுக்கோ வெயிலில் வரிசையில் நின்றதுதான் மிச்சம். அது பூங்காவின் குறை அன்று, எங்கள் வயதுக்குப் பொருந்தாத இடத்தில் எங்கள் ஒரு நாளைச் செலவழித்தவர்களின் குறை.

என்னை உண்மையிலேயே வருத்தியது கார்டன்ஸ் பை த பே பூங்காவில் நடந்தது. 2012-இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவில் எஃகுச் சட்டங்களைக் கொண்டு எழுப்பிய 18 பெருமரங்கள் நிற்கின்றன. உயரமானவை 50 மீட்டர், அதாவது நம் மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்துக்கு ஏறத்தாழச் சமமான உயரம். அவற்றின் உடல் முழுவதும் உயிருள்ள செடிகொடிகள் படர்ந்திருக்கின்றன. சிலவற்றின் உச்சியில் சூரிய ஒளித் தகடுகள் உள்ளன. சில, பக்கத்திலுள்ள கண்ணாடிக் குளிர்மாடங்களின் காற்றை வெளியேற்றும் போக்கிகளாகவும் வேலை செய்கின்றன. தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் இந்த மரங்களில் இசையோடு கூடிய ஒளிக்காட்சி நடக்கிறது, அதற்குக் கட்டணமும் இல்லை. எங்கள் பேருந்து 7.30-க்குப் புறப்பட்டுவிட்டது. இன்னும் பதினைந்து நிமிடம் காத்திருக்கக் கூடாதா என்று என் கணவர் கேட்டதற்கு, வண்டி அடுத்த குழுவை ஏற்றப் போக வேண்டும் என்று வழிகாட்டி பதில் சொன்னார். அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அட்டவணையை எழுதியவர் அவர் அல்லர். ஆனால் அந்த அட்டவணையை எழுதியவர் ஒரு முறையாவது அந்த மரங்களின் அடியில் மாலையில் நின்றிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

நான்காம் நாள் காலையில் குழுவிடம் விடைபெற்றுக்கொண்டு, செரங்கூன் சாலைக்குப் பின்புறம் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு அருகில் நாங்களே பதிவு செய்திருந்த ஒரு சிறிய விடுதிக்கு மாறினோம். அறை சிறியதுதான், இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடமில்லை. இருந்தாலும் வாசலில் இருந்து ஐந்து நிமிடத்தில் ரயில், இரண்டு நிமிடத்தில் மல்லிகைப்பூ. சரம் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் விலை கேட்டபோது, நம் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் "மதுரைப் பக்கமா?" என்று கேட்டார். ஊரில் பூ வாங்கும் விலையோடு ஒப்பிடவே முடியாது; ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ரயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்களாகச் சுற்ற முடிந்ததற்குக் காரணமே அதுதான். வங்கி அட்டையையோ பயண அட்டையையோ நுழைவிலும் வெளியேறும் இடத்திலும் தொட்டால் போதும், அதே அட்டை பேருந்துக்கும் செல்லும். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி இருப்பதால் என் கணவர் மூன்று நாள்களில் ஒரு படிக்கட்டைக்கூட வேண்டாவெறுப்பாக ஏறவில்லை. வண்டிக்குள் உண்பதும் குடிப்பதும் கூடாது. அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் இப்படித்தான் சொல்கிறார்கள்) வரை போகும், தண்ணீருக்கும் விலக்கு இல்லை. ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் அந்நாட்டின் ஆட்சிமொழி என்று பள்ளியில் படித்திருக்கிறேன். படித்தது வேறு, கடையில் மீதிச் சில்லறையாகக் கையில் விழுந்த நாணயத்தில் "சிங்கப்பூர்" என்று நம் எழுத்தில் பொறித்திருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தது வேறு. நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை, பணம் வாங்கிய சீனப் பெண் ஏதோ தவறாகக் கொடுத்துவிட்டோமோ என்று கவலையோடு பார்த்தார்.

இனி உணவு. தம்பதியாகப் போகிறவர்களுக்கு நான் தரும் முதல் அறிவுரை, உங்கள் செலவில் பெரும்பகுதியை உணவங்காடிகளில் செய்யுங்கள் என்பதே. தெருவோரத் தள்ளுவண்டிக்காரர்களை அரசு ஒழுங்குபடுத்திக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து அமர்த்திய இடங்கள் இவை. இந்தப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. உணவகங்களில் பட்டியலில் உள்ள விலைக்கு மேல் பெரும்பாலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் ஏறும். அங்காடிக் கடையிலோ பலகையில் எழுதியிருப்பதுதான் விலை. உண்டு முடித்தபின் தட்டை நாமே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம். காலியான மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் கிடந்தால், அது யாரோ மறந்துவிட்டுப் போனதன்று, இடம் பிடித்துப் போட்டது. நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போடுவது போலத்தான்.

செரங்கூன் சாலையின் தொடக்கத்தில் உள்ள தேக்கா அங்காடியில் மூன்று காலைகளும் கழிந்தன. ஒரு பக்கம் மீனும் ஆட்டிறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, மறுபக்கம் உணவுக் கடைகள். மதுரைக்காரர்களின் முதல் கேள்வி பரோட்டாவைப் பற்றித்தான் இருக்கும் என்பதால் நேர்மையாகவே சொல்கிறேன். அங்கே பிராட்டா என்று சொல்லப்படுவது நம்முடையதைவிட மெல்லியது, விளிம்பு மொறுமொறுப்பானது. தொட்டுக்கொள்ள மீன் குழம்போ பருப்போ வரும். நன்றாகவே இருக்கிறது. ஆனால் சால்னாவில் ஊறிய பன் பரோட்டாவை நினைத்துக்கொண்டு அதை உண்ணப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அது வேறு பண்டம் என்று நினைத்து உண்ணுங்கள். அதே மாவு முர்தபாக் ஆகும்போது கதையே மாறிவிடுகிறது. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் நடந்துவரும் சாம் சாம் உணவகத்தின் வாசலில் நின்று, மாவை வீசி விரிப்பதையும், கொத்திய ஆட்டிறைச்சியும் வெங்காயமும் முட்டையும் அதன் நடுவில் கொட்டப்படுவதையும், நான்கு பக்கமும் மடித்துக் கல்லில் அழுத்துவதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம். கறிதோசையில் வளர்ந்த நாக்குக்கு இது தூரத்து உறவுக்காரர் வீட்டுச் சாப்பாடு போல இருந்தது. இருவருக்கு ஒன்று போதும்.

தேக்காவில் இந்திய முஸ்லிம் கடை ஒன்றில் உண்ட சூப் கம்பிங் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கம்பிங் என்றால் மலாய் மொழியில் ஆடு. நம் ஆட்டுக்கால் சூப்பைவிடக் கெட்டியாக, சோம்பும் பட்டையும் தூக்கலாக, மேலே பொரித்த வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, தொட்டுக்கொள்ள ரொட்டித் துண்டுகளோடு தருகிறார்கள். மிளகின் காரம் தொண்டையில் இறங்கிய பிறகும் சோம்பின் இனிப்பு நாக்கில் நிற்கிறது. கடைக்காரரிடம் பக்குவம் கேட்டேன். "நாளைக்கும் வாங்க அக்கா, சொல்றேன்" என்றார். மறுநாளும் போனோம், சொல்லவில்லை.

மீன்தலைக் கறியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கேரளத்திலிருந்து போன ஒருவர், சீனர்கள் மீன் தலையை விரும்பி உண்பதைக் கண்டு, அதை நம் புளிக்குழம்பில் இட்டுச் சமைத்ததில் பிறந்த உணவு இது. இன்று சிங்கப்பூரின் அடையாளங்களில் ஒன்று. ரேஸ் கோர்ஸ் சாலையில் இதற்கென்றே புகழ்பெற்ற கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சட்டி நிறையச் செந்நிறக் குழம்பு, அதில் வெண்டைக்காயும் தக்காளியும், நடுவில் ஒரு பெரிய தலை. கன்னத்துச் சதையைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது விருந்து. இரண்டு பேருக்கு இது மிக அதிகம் என்பதையும் விலை சற்றே கனம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். நாங்கள் பாதிக்கு மேல் உண்ண முடியாமல் எழுந்தோம். சைவர்களுக்கும் குறைவில்லை. 1947 முதல் செரங்கூன் சாலையில் உள்ள கோமள விலாஸில் வெள்ளிக்கிழமை மதியம் உண்டோம். சாம்பாரும் ரசமும் வாய்க்கு வீட்டு நினைவைக் கொண்டுவந்தன.

காப்பிக்கு மட்டும் ஒரு பாடம் தேவைப்படும். அங்கே காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கரிய வறுத்து, துணிப்பையில் வடிக்கிறார்கள். நிறம் தார் போல, மணம் கருகிய வெல்லம் போல. வெறுமனே "கோப்பி" என்று கேட்டால் கெட்டிப்பால் ஊற்றிய கொழுத்த இனிப்பு வந்து நிற்கும். சர்க்கரை உள்ளவர்கள் "கோப்பி சி கோசோங்" என்று கேட்க வேண்டும்: இனிப்பில்லாத சுண்டிய பால், சர்க்கரை கிடையாது. கோசோங் என்றால் வெறுமை என்று பொருளாம். கணவர் இரண்டாம் நாளிலேயே இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தயங்காமல் அவர் கேட்டதும் கடையில் இருந்த சீன அம்மா "அங்கிள் கிளவர்" என்று சிரித்தார்.

பார்த்த இடங்களில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. 165 மீட்டர் உயர ராட்டினமான சிங்கப்பூர் ஃபிளையரில் ஒரு சுற்று அரை மணி நேரம் ஆகிறது. காட்சி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு முறை ஏறினால் போதும். கார்டன்ஸ் பை த பே பூங்காவின் மேகக்காடு கண்ணாடி மாடத்துக்கு மட்டும் கட்டாயம் சீட்டு எடுங்கள். உள்ளே நுழைந்ததும் 35 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியின் சாரல் முகத்தில் தெறிக்கிறது. மின்தூக்கியில் உச்சிக்குப் போய்விட்டு, சுற்றுப்பாதையில் சரிந்து சரிந்து இறங்கி வந்தால் போதும், ஏறவே வேண்டாம். பாசியும் பெரணியும் குடுவைச் செடியும் அடர்ந்த அந்தக் குளிரில், கொடைக்கானலில் மோயர் பாயின்ட் பக்கம் பனி இறங்கும் மாலைதான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

ஐந்தாம் நாள் மாலை அதே பூங்காவுக்கு மறுபடியும் போனோம், இம்முறை எங்களை யாரும் திரும்ப அழைக்க முடியாது. 7.20-க்கே பெருமரங்களின் அடியில் போய் உட்கார்ந்தோம். சுற்றிலும் பலர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். தயங்கித் தயங்கி நாங்களும் படுத்தோம். இசை தொடங்கியதும் ஒவ்வொரு மரமும் அடியிலிருந்து நுனி வரை ஊதாவும் பச்சையுமாக மூச்சு விடுவது போல ஒளிர்ந்து அடங்கியது. சித்திரைத் திருவிழாவில் வைகைக்கரையில் வாணவேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்தில்கூட நாங்கள் இருவரும் இப்படி அருகருகே படுத்து வானத்தைப் பார்த்ததில்லை. முதல் முறை போனபோது எங்களிடமிருந்து பறித்துக்கொண்டது இதைத்தான்.

கட்டணமில்லாத இடங்களில் இரண்டு என் மனத்தில் நிற்கின்றன. ஒன்று, வாட்டர்லூ தெரு. அங்கே சீனர்கள் வணங்கும் குவான் இம் அம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே 1870-இல் தொடங்கிய கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. அம்மனை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் அப்படியே நம் கோயில் வாசலிலும் நின்று, கற்றை ஊதுபத்தியை நெற்றிக்கு மேல் தூக்கி வணங்கி, அதற்கென வைத்திருக்கும் கலயத்தில் செருகிவிட்டுப் போகிறார்கள். யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. கண்ணன் சந்நிதியின் முன் அந்தப் புகை நடுவே நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மற்றொன்று, தாவரவியல் பூங்கா. 1859-இல் நிறுவப்பட்டு, 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான தோட்டம். ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும் கட்டணம் உண்டு, மற்றவை இலவசம். அங்குள்ள தெம்புசு மரம் ஒன்றின் படம் ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறத்தில் அச்சாகியிருக்கிறது. நோட்டை எடுத்துப் பிடித்து, தரையோடு தாழ்ந்து நீண்டு போகும் அந்தக் கிளையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். வளைவு வளைவாகப் பொருந்தியது. நான் அங்கே நெடுநேரம் நின்றதற்கு வேறு காரணமும் உண்டு. 1888-இல் இந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர்தான், ரப்பர் மரத்தைச் சாகவிடாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கே சோதித்து நிலைநாட்டினார். அதன்பின் மலேயா முழுவதும் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு ஆள் சேர்க்கக் கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்தார்கள். திருப்புவனம் பக்கத்திலிருந்து பால்மரம் வெட்டக் கப்பலேறிய என் பெரிய தாத்தாவின் கடிதங்கள் சில ஆண்டுகளில் நின்றுபோயின என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒருவரை அழைத்துக்கொண்டு போன அந்த மரத்தின் கதை தொடங்கிய இடத்தில் நான் சுற்றுலாப் பயணியாக நிற்பேன் என்று நினைத்ததில்லை. குழுப் பயணத்தின் அட்டவணையில் இந்தத் தோட்டம் இல்லவே இல்லை. நம் வட்டாரத்திலிருந்து ஆள் அழைத்துப் போகும் முகவர்கள் இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான வேண்டுகோள்.

செலவுக் கணக்கில், நாங்களாகச் சுற்றிய மூன்று நாள்களுக்கு, அறை வாடகையையும் சேர்த்து, முகவரின் மூன்று நாள்களைவிடக் குறைவாகவே ஆனது. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் புட்டிக்குச் செலவில்லை. திரும்பும் நாளில் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள். அங்கே 2019-இல் திறந்த ஜுவல் கட்டடத்தின் நடுவில் கூரையிலிருந்து 40 மீட்டர் கொட்டும் நீர்வீழ்ச்சியைச் சுற்றி நிதானமாக நடக்கலாம், அதற்கும் சீட்டு வேண்டாம். அறை எடுக்கும்போது விடுதியின் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், ரயில் நிலையம் எத்தனை நிமிட நடை என்று மட்டும் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை மிகுதி. ஆனால் தீபாவளியை ஒட்டிய வாரங்களில் செரங்கூன் சாலை முழுவதும் விளக்கு அலங்காரம் செய்வார்கள் என்று பூக்கார அம்மா சொன்னதால், அடுத்த முறை குடையோடு அந்தச் சமயத்திலேயே போவது என்று முடிவு செய்திருக்கிறோம். முகவரிடம் இம்முறை விசாவும் விமானச் சீட்டும் மட்டும் கேட்டிருக்கிறோம்.